கரையில் தொடங்கும் ஊசி

வடமொழியில் ‘கந்தா’ என்றொரு சொல் உண்டு. பழந்துணிகளை இணைத்துத் தைத்த ஏழையின் உடைக்கும் போர்வைக்கும் அது பெயராக வழங்கிற்று. அச்சொல் வங்கத்தில் ‘காந்தா’வாகி, அந்நாட்டுப் பெண்களின் பெருங்கலை ஒன்றின் பெயராக நிலைத்து, இன்று அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகள் வரை சென்று சேர்ந்துள்ளது. தமிழில் அது ‘கந்தை’ ஆயிற்று. தைத்த போர்வையைக் குறிப்பதை விட்டுவிட்டுக் கிழிந்த துணியை மட்டும் குறிக்கலாயிற்று. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லும் நம் பழமொழியும் துணியின் தூய்மையைப் பேசுகிறதேயன்றி, அதைத் தைத்த கையைப் பேசவில்லை. ஒரே வேர்ச்சொல் ஓரிடத்தில் ஆக்கத்துக்கும் மற்றோரிடத்தில் சிதைவுக்கும் பெயரானது சொல்லாராய்ச்சியாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

கந்தையைத் தைத்த கைகள் பெரும்பாலும் எழுத்தறியாத பெண்களின் கைகள். அவர்கள் ஏடு விட்டுச் செல்லவில்லை. போர்வையை விட்டுச் சென்றார்கள். அதுவும் உழைத்துத் தேய்ந்தழியும் பொருள். ஆகவே அவர்தம் வரலாற்றைத் தேடுவோர் போர்வையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியவராகின்றனர். அவ்வாறு படித்தவர்கள் பெரும்பாலும் நடுவையே படித்தார்கள். நடுவில் பூத்த தாமரையும், வண்ணங்களின் சேர்க்கையும், உருவங்களும் அவர்கள் கண்ணை ஈர்த்தன. போர்வையின் ஓரம் அத்துணை கவனம் பெறவில்லை. ஆயினும் ஒரு போர்வையில் முதலில் நைவது ஓரந்தான். உறங்குபவன் இழுத்துப் பிடிப்பதும், குழந்தை வாயில் வைத்துச் சப்புவதும், துவைப்பவள் முறுக்கிப் பிழிவதும் அதைத்தான். அந்த ஓரத்தை எப்போது தைப்பது, எவ்வாறு தைப்பது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு மக்கட்கூட்டமும் ஒவ்வொரு விடை கண்டுள்ளது. அவற்றுள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சித்தியர் கண்ட விடை தனித்துக் கருதத்தக்கது. அதன் அருமை விளங்க, முதலில் வேறு இரண்டு நாடுகளின் வழக்கத்தைச் சுருக்கமாகக் காண்பது நலம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தைத்த போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு அல்லது கம்பளிப் படலம். குளிர்நாட்டுக்கு அது தேவை. இந்த நடுப்படலமே தைப்பவளின் கையைக் கட்டுப்படுத்துகிறது. ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தால் மிகுதியான துணியெல்லாம் நடுவில் வந்து குவிந்து சுருக்கம் விழும். ஆதலால் வட்டச் சட்டத்தில் பொருத்தித் தைப்பவர்கள் நடுவில் தொடங்கி, சுருக்கங்களை வெளியே தள்ளிக்கொண்டு, இறுதியில் ஓரத்தை அடைவர். அங்கேதான் இடர்ப்பாடு. ஓரம் வட்டச் சட்டத்துக்குள் முழுமையாக அமையாது. ஒரு பக்கம் துணி இருக்கும், மறுபக்கம் வெறுமை. இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் துணி தளரும்; தையல் கோணும். இதற்காகவே பழந்துணி ஒன்றைப் போர்வையின் ஓரத்தோடு தற்காலிகமாக இணைத்து, அந்த அயல்துணியையும் சேர்த்துச் சட்டத்தில் பூட்டி, ஓரத்தைத் தைத்து முடித்தபின் அதைப் பிரித்தெறிவது அவர்கள் கண்ட உத்தி. ஓரம் தைக்கப்படும் வரையில் அதற்கு ஒரு பொய் ஓரம் வேண்டியிருந்தது.

வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெருஞ்சட்டம் வழக்கில் இருந்தது. போர்வையின் இரு முனைகளையும் இரண்டு மரச்சட்டங்களில் தைத்துப் பூட்டி, பக்கங்களை நாடாக்களால் இழுத்துக் கட்டி, ஒரு முனையிலிருந்து தைத்துச் சுருட்டிக்கொண்டே போவார்கள். முடிவில் மேல்துணியையும் கீழ்த்துணியையும் உள்நோக்கி மடித்து, விளிம்பை ஒட்டி இரண்டு வரிசைத் தையல் இட்டு மூடுவார்கள். சுரங்கத் தொழிலாளரின் மனைவியரும், சுரங்க விபத்துகளில் கணவரை இழந்தவரும் இத்தொழிலால் பிழைத்தனர். 1928 இல் கிராமத் தொழில்களை வளர்க்கும் அரசு சார்ந்த அமைப்பொன்று அவர்களுக்குப் பயிற்சியும் சந்தையும் அளிக்க முற்பட்டது. 1930களில் அவர்தம் போர்வைகள் லண்டன் மாநகரின் செல்வர் தங்கும் விடுதிகளுக்குச் சென்றன. ஓரத்தில் ஓடும் அந்த இரட்டை வரிசையைக் கண்டே போர்வை எந்நாட்டது என்று இனங்காண்போர் உண்டு.

வங்கத்துக் காந்தாவுக்குப் பஞ்சும் இல்லை, சட்டமும் இல்லை. துவைத்துத் துவைத்து மென்மையுற்ற பழஞ்சேலைகளும் வேட்டிகளுமே அடுக்குகள். அவற்றைத் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, நகராதிருக்கப் பாரம் வைத்து, முதற்கண் ஓரங்களை மடித்துத் தைத்துவிடுவார்கள். பிறகு நீளவாக்கில் சில வரிசைகள் பெருந்தையலாக இட்டு அடுக்குகளை நிலைநிறுத்துவார்கள். அதன்பின் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காக, ஏன், சில வேளைகளில் ஆண்டுக்கணக்காகத் தைக்கலாம். நடுவே தாமரை, மூலைகளில் நடுவை நோக்கி நிற்கும் மரம் அல்லது மாங்காய் வடிவம், சுற்றிலும் சேலைக்கரையைப் போலவே நெய்தது போன்ற தையற்கரை. இதில் நயமான முரண் ஒன்று உண்டு. தைப்பதற்கான வண்ணநூலைப் பழஞ்சேலைகளின் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். ஒரு கரை அவிழ்ந்து இன்னொரு கரை ஆயிற்று.

வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929 இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடல் இக்கலையை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தது. கணவனைப் பிரிந்த சாஜு தன் வாழ்வு முழுவதையும் ஒரு போர்வையில் தைத்து, தான் இறந்தபின் அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லுகிறாள். 1939 இல் அது ஆங்கிலத்தில் வந்தது. கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் காந்தாவைப் பற்றி விரிவான கட்டுரை எழுதியதும் அதே ஆண்டில்தான். குருசதய தத்தர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய காந்தாக்கள் கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அருங்காட்சியகமாயின. கவிஞரும், ஆய்வாளரும், சேகரிப்பாளரும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பேறு வங்கத்துப் பெண்களுக்குக் கிட்டியது. இந்தப் பேறு கிட்டாதவர்கள் சித்தியர்.

கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா முதலிய வட்டங்களின் காட்டோர ஊர்களில் சித்தியர் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இந்துக்களும் கிறித்தவரும் இசுலாமியரும் இவர்களிடையே உண்டு. வீட்டில் கொங்கணி கலந்த பேச்சும் வெளியில் கன்னடமும் பேசுவர். இந்திய வரலாற்றில் ஆப்பிரிக்கர் பெயர் இடம்பெறாமல் இல்லை. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாகப் பலமுறை விற்கப்பட்டு, பின்னர் அகமதுநகர் அரசின் முதலமைச்சராகி மொகலாயரை எதிர்த்து நின்ற மாலிக் அம்பர் 1626 இல் மறைந்தார். ஜஞ்சிராக் கோட்டையைத் தலைநகராகக் கொண்ட சித்தி நவாபுகளின் அரசு 1948 வரை நீடித்தது. வாள் ஏந்தியவர்களைப் பாரசீக ஏடுகள் எழுதி வைத்தன. காட்டுக்குள் சென்றவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

அவர்கள் காட்டுக்கு வந்த வழிகளுள் முதன்மையானது கோவா. 1510 இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், மொசாம்பிக் முதலிய கீழைக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுவந்தனர். 1608 முதல் 1610 வரை கோவாவில் தங்கியிருந்த பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுப் பயணி, அந்நகரின் அடிமைச் சந்தையைப் பற்றி எழுதியுள்ளார். அங்கு விற்பனைக்கு நின்ற பெண்களின் திறமைகளுள் நுண்ணிய தையலையும் பூவேலையையும் அவர் குறிப்பிடுவது ஊன்றி நோக்கத்தக்கது. ஊசி பிடிக்கத் தெரிந்த கைக்கு விலை கூடுதல். அதே காலத்தில் போர்த்துக்கீசிய வணிகர் வங்கத்தின் சாத்காவ் பகுதியிலிருந்து, பருத்தித் துணியில் டசர்ப் பட்டு நூலால் தைத்த பெரும் போர்வைகளை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றனர். அவற்றின் நடுவே விவிலியக் காட்சிகளும், அகன்ற கரைகளில் வேட்டைக்காரரும் வேட்டை விலங்குகளும் நிறைந்திருக்கும். அடிமையை ஒரு கரையிலிருந்தும் போர்வையை மற்றொரு கரையிலிருந்தும் ஏற்றியது ஒரே கொடியின்கீழ் ஓடிய கப்பல்கள்தாம். போர்வைகளில் சில இன்றும் மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன. அடிமைகளுள் தப்பியவர்கள் மலையேறிக் கன்னடக் காடுகளில் மறைந்தனர். 1869 இல் போர்த்துக்கீசிய அரசு தன் ஆட்சிப் பகுதிகளில் அடிமை நிலையை ஒழித்துச் சட்டம் செய்தது; அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே தம் விடுதலையைத் தாமே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

சித்திப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். அதன் அடித்துணி ஒரு பழைய பருத்திச் சேலை. பஞ்சு வைப்பதில்லை. தேய்ந்துபோன சட்டை, பாவாடை, ரவிக்கை, சேலை ஆகியவற்றிலிருந்து எடுத்த துண்டுகள் அடித்துணியின்மேல் ஒவ்வொன்றாக வைத்துத் தைக்கப்படுகின்றன. மாதிரி வரைவதில்லை, அளவுகோல் இல்லை, சட்டமும் இல்லை. தரையில் அமர்ந்து, துணியைக் கால்கள்மேல் பரப்பிக்கொண்டு, ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். அடித்துணியின் விளிம்பை மடித்து, துண்டுத்துணியின் விளிம்பையும் விரலால் மடித்து, இரண்டையும் ஒரே தையலில் பிடித்துவிடுகிறார்கள். தடித்த நூல், ஊசி மேலும் கீழும் சென்று ஓடும் எளிய ஓடுதையல். ஓரத்தை ஒட்டியே சென்று, மூலையில் திரும்பி, அடுத்த ஓரம், அதற்கடுத்த ஓரம் என்று சுற்றி, புறப்பட்ட மூலைக்கு வந்ததும் சற்று உள்ளே தள்ளி இரண்டாம் சுற்று. இவ்வாறு சுற்றிச் சுற்றி உள்நோக்கி நடந்து, நடுவில் முடிகிறது கவந்தி.

பஞ்சுப் படலம் வைத்துத் தைப்பவர்களுக்கு இது தலைகீழ் முறை. அவர்கள் இறுதியில் இடர்ப்படும் இடத்தில் இவர்கள் தொடங்குகிறார்கள். இது கூடுமானதற்குக் காரணம் நுட்பத்தில் உள்ளது. நடுப்படலம் இல்லாததால் நகர்ந்து குவிவதற்கு ஒன்றுமில்லை. துண்டுகள் முன்னரே ஒன்றோடொன்று இணைக்கப்படாமல், வைக்க வைக்கத் தைக்கப்படுவதால், அடித்துணியில் எங்கேனும் தளர்வு ஏற்பட்டால் அடுத்த துண்டை அதற்கேற்பச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ கிழித்துக்கொள்ளலாம். வெட்டிய துண்டுக்கு ஏற்ப இடம் அமைவதில்லை. எஞ்சிய இடத்துக்கு ஏற்பத் துண்டு அமைகிறது. இன்னொன்றும் உண்டு. வீட்டில் பழந்துணி எப்போது எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கைவசம் உள்ளதைக் கொண்டு ஓரத்தை முதலில் முடித்துவிட்டால், துணி கிடைக்கும் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம், பிரிந்து போகாது. நடுவில் தொடங்கி நிறுத்திய போர்வைக்கு அந்த உறுதி இல்லை. வறுமைக்கும் ஒரு வினைநுட்பம் உண்டு என்பதைத் தையல் நூல்கள் எழுதிய மேலைநாட்டார் பலர் அறிந்திலர்.

நான்கு மூலைகளிலும் வைக்கும் ‘பூலா’ இப்போர்வையின் தனிச்சிறப்பு. பூலா என்றால் பூ. சிறு துணிகளை முக்கோணமாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் பதித்துத் தைப்பார்கள். பூலா இல்லாத கவந்தி ஆடையில்லாமல் நிற்பது போன்றது என்பது அவர்கள் கருத்து. எத்துணை அரிய நோக்கு! மனிதரைப் போர்த்தும் பொருளுக்கும் நாணம் உண்டு. அதற்கும் ஓர் ஆடை வேண்டும். அந்த ஆடையும் அதன் ஓரத்திலே, ஓரத்தின் கோடியிலே அணிவிக்கப்பட வேண்டும். இழுபடும் மூலைக்கு அடுக்குத்துணி வலுவூட்டும் என்ற பயனும் இதில் உண்டு. ஆனால் வலுவுக்காக மட்டும் வைத்திருந்தால் அதற்குப் பூ என்று பெயரிட்டிருக்க மாட்டார்கள். பெரிய துண்டுகளின்மேல் வேறு நிறத்தில் பதிக்கும் சிறு துணுக்குகளுக்குத் ‘திகேலி’ என்று பெயர். கிறித்தவப் பெண்கள் சிலுவை வடிவையும் இசுலாமியப் பெண்கள் பிறை வடிவையும் சில வேளைகளில் துண்டுகளால் அமைப்பதுண்டு. சமயம் நடுவில் வேறுபடுகிறது. ஓரத்திலிருந்து தொடங்கும் முறையோ மூவர்க்கும் பொது.

இக்கலை எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்களைப் பெரிதும் மயக்கிய வினா இது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002 இல் ஹூஸ்டன் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும்புகழ் பெற்றன. அவற்றையும் கவந்திகளையும் அருகருகே வைத்துக் காண்போர் வியப்படைவர். அதே துணிச்சலான நிறச்சேர்க்கை, அதே ஒழுங்கு மீறிய கட்டங்கள். இரு பெருங்கடல்களுக்கு அப்பாலும் ஆப்பிரிக்கக் குருதி தன் நிறங்களை மறக்கவில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். கவிதைக்கு அது நல்ல கருப்பொருள். வரலாற்றுக்கு அது போதாது. அமெரிக்கா சென்ற அடிமைகள் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவையும் மேற்கு நடுப் பகுதியையும் சேர்ந்தவர்கள். சித்தியரின் முன்னோரோ பெரும்பாலும் கீழை ஆப்பிரிக்கர். மேலும், சித்தியரைச் சூழ்ந்து வாழும் கன்னடரும் மராத்தியரும் பழந்துணிப் போர்வை தைப்பவர்களே. கன்னடர் அதைக் ‘கௌதி’ என்பர். மராத்தியர் ‘கோதடி’ என்பர். கவந்தி என்ற பெயரே கௌதியின் ஒலியை நினைவூட்டுகிறது. கோதடியிலும் ஓரத்தை ஒட்டிச் சுற்றிவரும் தையல் வரிசைகளைக் காணலாம்.

அப்படியானால் சித்தியர் அண்டை வீட்டாரிடம் கற்றார்களா? கோவாவில் போர்த்துக்கீசிய எசமானியின் வீட்டில் ஊசி பிடித்த கைகள் காட்டுக்குள் வந்து கற்பித்தனவா? அல்லது துணித்துண்டுகளை இணைக்கும் பழக்கம் ஆப்பிரிக்காவிலிருந்தே வந்ததா? மூன்றுக்கும் இடமுண்டு, மூன்றையும் தனித்தனியே மெய்ப்பிக்கச் சான்றில்லை. நூறு இருநூறு ஆண்டுப் பழமையான கவந்திகள் கிடைத்திருந்தால் விடை கிடைத்திருக்கும். ஆனால் போர்த்திக் கிழிவதற்கென்றே தைக்கப்பட்ட பொருளிடம் அத்துணை ஆயுளை எதிர்பார்ப்பது முறையன்று. நிறத்தைக் கொண்டு இனத்தைத் துணிவது மனிதரிடத்திலேயே பிழை. போர்வையிடத்தில் அது இருமடங்கு பிழை. துண்டின் நிறத்தைத் தைப்பவள் தேர்ந்தெடுத்தாள் என்பதே பாதி உண்மை. எந்தச் சட்டை முதலில் கிழிந்தது என்பதும் அதைத் தேர்ந்தெடுத்தது. அவள் முழு உரிமையோடு முடிவு செய்தவை வேறு: எங்கே தொடங்குவது, எத்துணை நெருக்கமாக ஊசியை ஓட்டுவது, மூலைக்கு என்ன அணிவிப்பது என்பன. ஆகவே கவந்தியைப் படிப்போர் அவற்றிலிருந்து தொடங்குவதே பொருந்தும்.

ஆப்பிரிக்கக் கலைகளில், சிறப்பாக யொருபா மக்களின் கலைகளில் ஆழ்ந்த புலமையுடைய ஹென்றி ஜான் ட்ரூவல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சித்தியரிடையே தங்கி ஆராய்ந்தார். கவந்தியின் முறையும் பூலா, திகேலி ஆகிய சொற்களும் வெளியுலகுக்குத் தெரியவந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 2004 இல் அவர் துணையோடு சித்திப் பெண்களின் போர்வைக் கூட்டுறவு அமைப்பு தோன்றியது. 2011 இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ஷோம்பர்க் நடுவத்தில் கவந்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆப்பிரிக்க அமெரிக்கரின் அறிவு வாழ்க்கைக்கு இருப்பிடமான அந்நடுவத்தில், கன்னடக் காட்டுச் சேலைகளும் சட்டைகளும் சுவரில் தொங்கின. நிற்கும் சுவரில் தொங்கும் போர்வைக்கு ஓரம் வெறும் எல்லைக்கோடு. உறங்கும் உடலைப் போர்த்தும்போதுதான் அது பிடிப்பதற்குரிய இடம். காட்சிக்கூடம் தவிர்க்க இயலாத இழப்பு அது.

இதற்கிடையே சித்தியரின் நிலையிலும் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. 2003 இல் உத்தர கன்னடச் சித்தியர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2020 இல் சாந்தாராம் சித்தி கருநாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அம்மக்களிலிருந்து சட்டமன்றத்துள் நுழைந்த முதல்வர் அவர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வாழ்ந்தவர்களை நாட்டின் பட்டியலில் எழுத அத்துணைக் காலம் ஆயிற்று.

கவந்தி தைப்பவர்களுள் முதியவர்கள் பலர். வயலிலும் காட்டிலும் வேலை செய்ய உடல் இடந்தராத பருவத்தில் ஊசியை எடுக்கிறவர்கள். கண் மங்கத் தொடங்கிய பருவத்தில் நெருங்கிய வரிசைகளை விரல் நுனியே அளந்துகொள்கிறது. முந்தைய சுற்றின் தையல்மேட்டைத் தடவிப் பார்த்து, அதற்கு இணையாக அடுத்த சுற்று ஓடுகிறது. ஓரத்தில் இட்ட முதல் வரிசை கோணாமல் அமைந்தால் உள்ளே வரும் வரிசைகளும் கோணாமல் அமையும்; அங்கே ஒரு நூலளவு பிசகினால் அப்பிசகு சுற்றுதோறும் நடுவரை வந்து சேரும். சுற்றுகள் குறுகக் குறுகத் துண்டுகளும் சிறுத்துக்கொண்டே வருகின்றன. இறுதியில் நடுவே உள்ளங்கையளவு அடிச்சேலை மட்டும் மூடப்படாமல் எஞ்சுகிறது. அந்த இடத்தைக் கண்ணால் அளந்து, கையிலுள்ள கந்தையிலிருந்து அதற்குச் சரியாக ஒரு துண்டைக் கிழித்து, நான்கு பக்கமும் உள்ளே மடித்துத் தைத்து, நூலை அங்கேயே முடிச்சிட்டு அறுக்கிறார்கள்.